படம் கறுக்கிறதா, வெளுக்கிறதா? இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வெளிச்சக் கோளாறுகள்

"சேர், இதுக்குள்ள பல்பு எங்க இருக்கு?"

புதிதாக வருகிற பிள்ளைகளில் ஒருவராவது முதல் நாளே இதைக் கேட்டுவிடுவார். பாடசாலையில் சின்னக் கண்ணாடியைத் திருப்பித் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தைப் பிடித்து வெங்காயத் தோலைப் பார்த்தவர்கள், கேட்கத்தான் செய்வார்கள். முன்பெல்லாம் "இதில் பல்பு கிடையாது, இலத்திரன்தான்" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை, ஏனென்றால் அது பாதி பொய்.

வருடல் இலத்திரன் நுணுக்குக்காட்டிக்குள் ஒளிர்கிறவை மூன்று இருக்கின்றன. உச்சியில், இலத்திரனைக் கீழ்நோக்கி எய்யும் துப்பாக்கிக்குள் இருக்கும் தங்ஸ்தன் இழை முதலாவது. மேசை விளக்குப் போலவே எரியும், ஆனால் அதன் வெளிச்சம் நமக்கு வேண்டாம், அது கக்கும் இலத்திரன் மட்டும் போதும். இரண்டாவது, உணரியின் நுனியில் இருக்கும் மினுக்கி. மாதிரியிலிருந்து தெறிக்கும் இலத்திரன் அதில் மோதும்போது ஒரு துளி ஒளி பிறக்கிறது. திரையில் நாம் பார்ப்பது அந்த ஒளியின் கணக்கைத்தான். மூன்றாவது, மாதிரி அறைக்குள் எட்டிப் பார்க்கும் கமராவின் அகச்சிவப்பு விளக்கு. முதல் இரண்டும் எரிய வேண்டும். மூன்றாவது மட்டும், படம் எடுக்கும் நேரத்தில் அணைந்திருக்க வேண்டும். திரையில் எந்தக் கோளாறு வந்தாலும் இந்த மூன்றில் எது என்று முதலில் பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

எங்கள் ஆய்வுகூடத்துக்கு வருபவை பெரும்பாலும் தேயிலை. தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து ரெஜிபோம் பெட்டியில் பஸ் ஏறி வரும். கொப்புள நோய் பிடித்த இலை, சிவப்புச் சிலந்தி, தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் (டி.ஆர்.ஐ.) 2025 என்ற எண்ணுள்ள குளோனின் கொழுந்து மயிர், இப்படி. ஆகவே கீழே வரும் உதாரணங்களும் அவைதான். கருவி தங்ஸ்தன் இழை கொண்ட சாதாரண வகை.

ஒரு பழக்கத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மாதிரி எதை ஏற்றினாலும், கருவிக்குள் அதைத் தாங்கும் மேசையில் ஓரமாக ஒரு துண்டுச் செப்பு வலையை ஒட்டிவைப்பேன். செம்பு நன்றாகக் கடத்தும், சுருங்காது, உப்பாது, எப்படித் தெரிய வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். இலை மோசமாகத் தெரிந்தால் வலைக்கு நகர்ந்து பார்ப்பேன். வலை பளிச்சென்று இருந்தால் கோளாறு இலையில். வலையும் மங்கினால் கோளாறு கருவியில். இதற்கு ஒரு நிமிடம் ஆகும். இதைச் செய்யாமல் இழையை மாற்றியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

திரை முழுக் கறுப்பு

கை உடனே பிரகாசப் பொத்தானுக்குப் போகும். போக வேண்டாம். இரண்டு எண்களைப் பாருங்கள்: இழை மின்னோட்டம், உமிழ்வு மின்னோட்டம்.

இழை மின்னோட்டம் பூச்சியம் என்றால் இழை அறுந்துவிட்டது, சந்தேகமே இல்லை. இழையில் மின்னோட்டம் ஓடுகிறது, உமிழ்வு மட்டும் பூச்சியம் என்றால் உயர் வோல்ற்றளவு ஏறவில்லை, அல்லது இழையின் நுனி, அதை மூடியிருக்கும் உலோகத் தொப்பியான வேனெல்ட் மூடியின் துளைக்குப் பின்னால் அதிகம் உள்வாங்கி இருக்கிறது. இழையை மாற்றிய அன்றே இது நடந்தால் பெரும்பாலும் இரண்டாவதுதான். இரண்டு எண்களும் வழக்கம்போல் இருந்தும் திரை கறுப்பென்றால் இழை நிரபராதி. இலத்திரன் கற்றை வழியில் எங்கோ தடைபடுகிறது, அல்லது உணரி அணைந்து கிடக்கிறது. மேசையிலிருந்து பூமிக்கு ஓடும் மின்னோட்டத்தை அளக்கும் மீற்றர் இருந்தால் அதைப் பாருங்கள். அது அசைந்தால் கற்றை மாதிரிவரை வந்துவிட்டது, தேட வேண்டியது உணரியை. அசையாவிட்டால் துப்பாக்கியின் நேர்ப்பொருத்தத்தையும் துவாரத் தகட்டையும் பாருங்கள்.

இழை அறுந்ததென்றால் அவசரப்பட்டுத் திறக்காதீர்கள். இருபது நிமிடம் ஆறட்டும். அறுந்த இழையைக் குப்பையில் போடுவதற்கு முன் சாதாரண உருப்பெருக்கியின் கீழ் ஒருதரம் பாருங்கள். மயிர்க்கவ்வி போல வளைந்த கம்பி அது; அறுந்த முனைகள் கதை சொல்லும். முனைகளில் சின்னச் சின்ன உருண்டை திரண்டிருந்தால் அளவுக்கு மீறிச் சூடாக்கி உருக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். உருண்டை இல்லாமல், கம்பி நீளத்துக்கும் தேய்ந்து ஊசியாகக் கூர்ந்து, மூடியின் உட்புறத்தில் நீலமும் கபிலமுமாகப் படிவு இருந்தால் கருவிக்குள் இருக்க வேண்டிய வெற்றிடம் சரியில்லை.

மலையகத்தில் நான் பார்ப்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது வகை. காரணம் நம் பனிமூட்டம். கருவியின் அறைக்குள் கொஞ்சம் நீராவி தங்கிவிட்டால் போதும். சூடான தங்ஸ்தனில் அது பட்டதும் ஒட்சிசன் உலோகத்தோடு சேர்ந்து ஆவியாகிக் குளிர்ந்த சுவரில் போய் ஒட்டிக்கொள்கிறது. தனித்த ஐதரசன் பின்னாலேயே போய் அந்த ஒட்சிசனைப் பிடுங்கிக்கொண்டு மறுபடி நீராவியாகிறது. உலோகம் சுவரிலேயே தங்கிவிடும். கொழுந்தை மடுவத்தில் கொட்டிவிட்டு வெறுங்கூடையோடு திரும்ப மலைக்கு ஏறுகிற மாதிரி, அதே நீர் இழைக்கும் சுவருக்குமாக நடந்து நடந்து கம்பியைச் சுமந்து தீர்த்துவிடுகிறது. நீர் செலவாவதே இல்லை. அதனால்தான் மிகக் கொஞ்ச ஈரமும் இவ்வளவு கெடுதல் செய்கிறது.

மே மாதம் தென்மேல் பருவக்காற்று தொடங்கியதிலிருந்து நான் மூன்று விஷயங்களில் பிடிவாதமாக இருப்பேன். கருவியின் அறைக்குள் வளியை விடாமல் உலர் நைதரசனை விட்டுத் திறப்பது. அதன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கதை பேசாதது. பூச்சுப் பூசிய மாதிரியை மேசையில் இரவு முழுக்க விடாமல் நிறம் மாறாத சிலிக்கா ஜெல்லோடு மூடி வைப்பது. சாதாரணமாகத் தங்ஸ்தன் இழை 100 மணி நேரம்வரை உழைக்கும். இந்த மூன்றையும் விட்டுவிட்டால் அதன் பாதியைக்கூட எதிர்பார்க்க வேண்டாம்.

மங்கல், கூடவே மணல் தூவினது போல்

இலத்திரன் போதவில்லை என்பதுதான் இதன் பொருள். எங்கே போதவில்லை என்பதுதான் கேள்வி.

முதலில் இழையின் நிறைவுநிலை. இழை மின்னோட்டத்தை மெதுவாகக் கூட்டும்போது படத்தின் வெளிச்சம் ஒருமுறை ஏறி, கொஞ்சம் இறங்கி, திரும்ப ஏறி, பிறகு எவ்வளவு கூட்டினாலும் ஏறாமல் நிற்கும். முதலில் வருவது பொய் உச்சி. பிள்ளைகள் அதையே உண்மை என்று நம்பி நிறுத்திவிடுவார்கள். படம் மங்கலாகவும் நிலையில்லாமலும் இருக்கும். சரியான இடம் இரண்டாவது ஏற்றம் சமநிலமாகத் தொடங்கும் ஓரம். அங்கே இழை ஏறக்குறைய 2,700 கெல்வினில் இருக்கும். அதற்கு மேல் திருகினால் வெளிச்சம் கூடாது, ஆயுள் மட்டும் குறையும்.

இழை சரியென்றால் இரண்டாவது விளக்குக்கு வாருங்கள். எவர்ஹார்ட், தோர்ன்லி என்ற இருவர் 1960 இல் வெளியிட்ட அமைப்பைத்தான் இன்றும் உணரியாக வைத்திருக்கிறோம். மாதிரியிலிருந்து வெளியேறும் துணை இலத்திரன்களின் சக்தி 50 இலத்திரன்வோல்ற்றுக்குக் கீழ். அவற்றை ஒரு நேர்மின் கூடு இழுத்தெடுக்கும், 10 கிலோவோல்ற்று ஏற்றிய மினுக்கி விரைவாக்கி மோதவைக்கும், மோதியதில் பிறந்த ஒளி கண்ணாடிக் குழாய் வழியே ஒளிப்பெருக்கிக்குப் போகும். மினுக்கிப் பூச்சு வருடக்கணக்கில் அடிபட்டுச் சோர்ந்துபோகும். அடையாளம் இதுதான்: மேசை மின்னோட்டம் பழையபடியே இருக்கிறது, செப்பு வலையும் மணலாகத் தெரிகிறது, உணரியின் பெருக்கத்தை ஆறு மாதத்துக்கு முன் வைத்ததைவிட வெகுவாகக் கூட்ட வேண்டியிருக்கிறது. ஆறு மாதத்துக்கு முன் எவ்வளவு வைத்தோம் என்று தெரிய வேண்டுமானால் குறிப்புப் புத்தகம் இருக்க வேண்டும், அது வேறு கதை.

இரண்டும் நன்றாக இருந்து மணல் மட்டும் மிஞ்சினால் மெதுவாக வருடுங்கள், அதாவது கற்றை மாதிரியைக் கோடு கோடாகத் தடவும் வேகத்தைக் குறையுங்கள். மணல் பாதியாகக் குறைய நேரத்தை நான்கு மடங்காக்க வேண்டும். கணக்கு அப்படித்தான், பேரம் பேச முடியாது.

பால் ஊற்றினது போல் வெளுப்பு

ஒருமுறை கொப்புள நோய் இலையின் அடிப்புறத்தைப் பார்க்க ஒரு தங்கச்சி வந்திருந்தார். அந்த நோய் இலங்கைக்கு வந்தது 1946 இல். மேலே குழிந்து, கீழே வெள்ளை வெல்வெட்டாகப் புடைத்திருக்கும் அந்தக் கொப்புளத்தின் மேல்தான் வித்திகள் பிறக்கும். காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தவர் பதினொன்றுக்கு என்னைக் கூப்பிட்டார். மாதிரியில் பட்டுத் திரும்பும் கற்றை இலத்திரன்களைப் பிடிக்கும் குறைகடத்தி உணரியில், அதாவது பின்சிதறல் உணரியில், படம் முழுக்கச் சாம்பல் படலம். மாறுபாட்டைக் கூட்டினாலும் குறைத்தாலும் படலம் போகவில்லை. இழையை மாற்றலாமா என்று கேட்டார்.

நான் கற்றையை அடைத்துவிட்டுத் திரையைப் பார்க்கச் சொன்னேன். கற்றை இல்லையென்றால் திரை கறுப்பாக வேண்டும். ஆகவில்லை, அதே சாம்பல். அப்படியானால் கற்றைக்குச் சம்பந்தமில்லாத ஒன்றை உணரி பார்த்துக்கொண்டிருக்கிறது. மாதிரியை உயர்த்தும்போது உணரியில் முட்டாமலிருக்க அவர் அறைக் கமராவைப் போட்டிருந்தார். அதன் அகச்சிவப்பு விளக்கு அணையவில்லை. கண்ணுக்குத் தெரியாது, குறைகடத்தி உணரிக்கு நன்றாகவே தெரியும். ஒரு பொத்தானை அமுக்கினோம், வித்திகள் வந்தன.

இதை எந்தக் கையேடும் முதல் பக்கத்தில் போடுவதில்லை, ஏனோ.

திட்டுத் திட்டாக எரிகிறது, கோடு பாய்கிறது, படம் குதிக்கிறது

"வெளிச்சம் கூடிப்போச்சு சேர்" என்று சொல்வார்கள். வெளிச்சம் கூடவில்லை, இறங்க வழியில்லாத மின்னேற்றம் இலையில் தேங்கி நிற்கிறது. தேயிலையின் மேற்புறம் மெழுகு, அடிப்புறம் மயிர். இரண்டும் கடத்தாதவை. கொழுந்தின் ஒரு மயிரைக் கிட்டப் போய்ப் பார்த்தால் நன்றாகப் புரியும். அடிப்பகுதி சாதாரணச் சாம்பல். நடுவில் வெண்மை ஏறும். நுனி மெழுகுவர்த்திச் சுடர் மாதிரி எரியும். அதற்குப் பக்கத்தில் கிடையாக ஒரு கறுப்புப் பட்டை ஓடும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மயிர் ஒருமுறை விலகிக்கொள்ளும். செப்பு வலைக்குப் போங்கள்: ஆடாமல் அசையாமல் இருக்கும். ஆகவே கருவி சரி.

முதலில் தரைக்கு வழி. மாதிரியின் அடியில் காபன் நாடா ஒட்டியிருந்தால் மட்டும் போதாது. இலையின் மேற்பரப்பிலிருந்து, அதைத் தாங்கும் உலோகக் குற்றிவரை வெள்ளிப் பசையால் ஒரு பாலம் போடுங்கள். எனக்குத் தெரிந்தவரை பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்து பொன் பூச்சு. 10 முதல் 20 நானோமீற்றர் போதும். மயிர் அடர்ந்த இலையில் பொன் நேரே மேலிருந்து விழுந்தால் மயிரின் நிழலில் பூச்சு இராது. குற்றியைச் சாய்த்து, சுழற்றிப் பூசுங்கள். தடிப்பாகப் பூசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதும் தவறு, பிறகு நீங்கள் பார்ப்பது இலையை அல்ல, பொன்னை. ஈரம் முழுதாகப் போகாத இலையில் பூச்சே பிடிக்காது. பூச்சுப் பொறியின் வெற்றிடம் இறங்க வழக்கத்தைவிட நேரம் எடுத்தால் இலை இன்னும் நீர் விடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது வழி, வோல்ற்றளவைக் குறைப்பது. 15 கிலோவோல்ற்றிலிருந்து 2 அல்லது 3 இற்கு இறங்கினால் உள்ளே போகும் இலத்திரனுக்கும் வெளியே வரும் இலத்திரனுக்கும் கணக்குக் கிட்டத்தட்ட நேராகும், ஏற்றம் தேங்காது. மேற்பரப்பின் நுட்பமும் கூடுதலாகத் தெரியும். உயிர் மாதிரிக்கு இதுதான் உகந்த இடம். ஆனால் தங்ஸ்தன் இழை இங்கேதான் கையை விரிக்கும். துப்பாக்கியின் பொலிவு வோல்ற்றளவோடு சேர்ந்தே இறங்குகிறது. 2 கிலோவோல்ற்றில் படம் மறுபடி மங்கலும் மணலும். உயிர் மேற்பரப்புக்கு எந்த இலத்திரன் மூலம் (தங்ஸ்தன் இழையா, வேறொன்றா) வேண்டும் என்ற கேள்விக்கு உண்மையான விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது. இலந்தனம் ஹெக்ஸாபோரைட்டுப் பளிங்கு ஏறக்குறைய 1,800 கெல்வினிலேயே வேலை செய்யும், பொலிவு பத்து மடங்களவு, ஆயுள் ஆயிரம் மணிக்கு மேலும் போகும். ஆனால் தங்ஸ்தனுக்குப் போதுமான வெற்றிடம் அதற்குப் போதாது. வலிய மின்புலத்தால் இலத்திரனை உருவும் புல உமிழ்வு முனை அதைவிடப் பல மடங்கு பொலிவு, குறைந்த வோல்ற்றளவிலும் கூர்மை குறையாது. அது கேட்கும் வெற்றிடமும் விலையும் நம் கூடங்களுக்கு எளிதல்ல. வாங்கப் போகிறவர்கள் உருப்பெருக்க எண்ணைப் பார்த்து மயங்காமல் "1 கிலோவோல்ற்றில் பூச்சில்லாத இலையைக் காட்டுங்கள்" என்று கேட்கட்டும்.

நான்காவது வழி, கருவியில் வசதி இருந்தால் தாழ் வெற்றிடம். அறைக்குள் சில பத்துப் பஸ்கால் வாயுவை விட்டால் கற்றை அதை அயனாக்கும். நேரயன்கள் போய் இலையின் மறை ஏற்றத்தைத் தணிக்கும். பூச்சே வேண்டாம். ஆனால் முன் சொன்ன மினுக்கி உணரியை அப்போது போட முடியாது. 10 கிலோவோல்ற்று அந்த வாயுவில் பொறி பாய்ச்சிவிடும். பின்சிதறல் உணரிக்குத்தான் போக வேண்டும், போனதும் கமரா விளக்கை நினைவில் வையுங்கள்.

விளிம்பு அலையாக நெளிகிறது

இது வெளிச்சக் கோளாறே அல்ல. நம் மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் காந்தப்புலம் கற்றையை ஆட்டுகிறது. வருடலை மின்வழங்கலோடு ஒத்திசைத்துப் பாருங்கள். அலை உறைந்து நின்றால் அதுதான். யூ.பி.எஸ். பெட்டியை, கற்றை இறங்கும் கருவித் தூணின் அருகிலிருந்து தள்ளி வையுங்கள். எங்கள் கூடத்தில் குற்றவாளி, சுவருக்கு அந்தப் பக்கம் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்த கேத்தில்.

பார்த்த இடம் சதுரமாகக் கறுத்துப்போகிறது

உருப்பெருக்கத்தைக் குறைத்ததும் நடுவில் ஒரு கறுப்புச் சதுரம் தெரியும். கற்றை பட்ட இடத்தில் ஐதரோகாபன் படிந்துவிட்டது. இலை மெழுகிலிருந்தும் வரலாம், கையுறையில்லாத விரலிலிருந்தும் வரலாம். குவிப்பைப் பக்கத்து இடத்தில் சரிசெய்துவிட்டு, படம் எடுக்கும்போது மட்டும் தேவையான இடத்துக்கு வாருங்கள்.

இலை வாடிச் சுருங்கித் தெரிகிறது

படத்தின் வெளிச்சம் நன்றாக இருக்கும், வித்திகள் மட்டும் காற்றுப் போன பந்தாக இருக்கும். எந்த விளக்கும் இதைத் திருத்தாது. காற்றில் உலர்த்தியதால் மேற்பரப்பு இழுவிசை நசுக்கிவிட்டது. குளூட்டரல்டிகைட்டில் நிலைநிறுத்தி, எதனோலில் படிப்படியாக நீரகற்றி, மாறுநிலை உலர்த்தியில் காபனீரொட்சைட்டை 31 பாகைக்கும் 74 பாருக்கும் மேலே கொண்டுபோங்கள். அங்கே திரவத்துக்கும் வாயுவுக்கும் இடையில் எல்லை இல்லை, நசுக்க ஒன்றுமில்லை.

விளக்கு எரிகிறது, கலம் மட்டும் தெரியவில்லை

கடைசியாக ஒன்று. எங்களிடம் படித்து வெளிநாட்டுக்குப் போன ஒரு தம்பி ஒருநாள் இரவு வாட்ஸ்அப்பில் அழைத்தான். அவன் கையில் இருப்பது ஒளியுமிழ் இலத்திரன் நுணுக்குக்காட்டி. இது வேறு சாதி. இதில் மாதிரி மேல் இலத்திரனை எய்வதில்லை. புறவூதா ஒளியை அடிக்கிறார்கள், மாதிரியே இலத்திரனை விடுகிறது, அதைக் குவித்துப் படமாக்குகிறார்கள். 1930 களில் ஜேர்மனியில் ஏர்ன்ஸ்ட் புரூஹே தொடங்கியது. உயிரிய மேற்பரப்புகளுக்கு இதைப் பயன்படுத்தலாம் என்று 1972 இல் எடுத்துக் காட்டியது அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் ஹேய்ஸ் கிரிஃபித்தின் குழு. இங்கேதான் பிள்ளைகள் கேட்ட பல்பு உண்மையாகவே இருக்கிறது.

"அண்ணா, 100 வாற்று மேர்க்கூரி விளக்கு. கடத்தும் பூச்சுள்ள தட்டுத் தெரியுது. கலம் எல்லாம் கறுப்பு. 200 வாற்று விளக்கு வாங்கச் சொல்லவா?"

உயர்தரத்தில் ஒளிமின் விளைவுக்கு நல்ல புள்ளி எடுத்த பையன்தான். வாங்காதே என்றேன். மேர்க்கூரியின் 254 நானோமீற்றர்க் கோட்டில் ஒரு போட்டோனுக்கு, அதாவது ஒளியின் ஒரு பொட்டலத்துக்கு, 4.9 இலத்திரன்வோல்ற்று. தட்டின் பூச்சுக்கு அது போதும். புரதம், கொழுப்பு போன்ற பெரும்பாலான உயிர்ச் சேர்வைகளிலிருந்து இலத்திரனைக் கழற்றப் பொதுவாக 5 இற்கு மேல் வேண்டும். போதாத போட்டோனை இரண்டு மடங்கு அனுப்பினாலும் போதாததுதான். வேண்டியது கூடிய வாற்று அல்ல, குறைந்த அலைநீளம். 1,240 ஐ நானோமீற்றரால் வகுத்தால் இலத்திரன்வோல்ற்று வந்துவிடும். 200 இற்குக் கீழே போனால் 6.2 இற்கு மேல். மக்னீசியம் புளோரைட்டுச் சாளரம் வைத்த டியூற்றீரியம் விளக்கு 160 இன் பக்கத்தில் நல்ல ஒளி தரும், அதாவது 7.7 இலத்திரன்வோல்ற்றளவு.

இரண்டு வாரம் கழித்து மறுபடி அழைப்பு. விளக்கை மாற்றியாயிற்று, படம் அப்படியே கறுப்பு. விளக்குக்கும் கருவியின் சாளரத்துக்கும் இடையில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "ஒண்டும் இல்ல அண்ணா, ஒரு சாண் இடைவெளி." அந்த ஒரு சாணும் வளி. அந்த அலைநீளத்தை வளியிலுள்ள ஒட்சிசனே விழுங்கிவிடும், விழுங்கி ஓசோனாகவும் மாறும். மூக்கில் காரமான மணம் வருகிறதா என்று கேட்டேன். வருகிறது என்றான். ஜன்னலைத் திறக்கவும் புறவூதாக் கண்ணாடி போடவும் சொல்லிவிட்டு, கருவியின் சாளரம் சாதாரணக் கண்ணாடியா என்று பார்க்கச் சொன்னேன். நல்ல வேளை, அதுவும் மக்னீசியம் புளோரைட்டு. கண்ணாடியென்றால் 300 நானோமீற்றருக்குக் கீழே அனேகமாக எதையும் விடாது.

அந்த இடைவெளிக்கு ஒரு குழாய் செருகி உலர் நைதரசன் ஓட விட்டான். அடுத்து வந்தது அழைப்பு அல்ல, படம். மங்கல்தான், ஒரு நிமிடம் திறந்து வைத்து எடுத்திருந்தான். ஆனால் தட்டைவிடக் கலம் வெளிச்சமாக இருந்தது.